கேளா ஒலியும் நூறு வோல்ட்டும்



கர்ப்பிணியின் வயிற்றின்மேல் பசையைத் தடவி, ‘ப்ரோப்’ எனப்படும் கையளவான ஒரு சாதனத்தை வைத்து நகர்த்த, உள்ளேயிருக்கும் சிசுவின் உருவம் திரையில் தோன்றுகிற காட்சி இன்று சிற்றூர் மருத்துவமனைகளிலும் சர்வ சாதாரணமாகிவிட்டது. அதைக் கண்டு வியப்பவர்கள், திரும்பி வரும் மெல்லிய எதிரொலியை வாங்கிக்கொள்ளும் பகுதியையும், அதைச் சித்திரமாக மாற்றும் கணிப்பொறியையுமே பெரும்பாலும் புகழ்கிறார்கள். ஒலியை உள்ளே அனுப்பும் பகுதியை, அதாவது ஸ்கேன் ப்ரோபுக்குள் இருக்கும் ஸ்படிகங்களை நூறு வோல்ட் அளவான மின்னழுத்தத்தால் நொடியின் கோடியில் ஒரு பங்கு காலக் கணக்கில் தட்டியெழுப்பும் மின்சுற்றை, அதிகம் பேர் நினைப்பதில்லை. அந்தச் சுற்றைச் சிலிக்கான் சில்லுக்குள் அடக்குவது எவ்வாறு என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். உயர்ந்த மின்னழுத்தத்தை உண்டாக்கும் உபாயங்கள் நமக்கு நெடுங்காலமாகவே தெரியும்; அந்த அழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பிரயோஜனமின்றி உஷ்ணமாய்ப் போகும் சக்தியைக் கட்டுப்படுத்துவதே இக்கலையின் உயிர்நிலை என்பதும், வடிவமைப்பாளன் செய்யும் முடிவுகள் ஏறக்குறைய எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன என்பதும் என் கருத்து.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1880இல் பாரிஸ் நகரத்தில் ழாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர்கள், குவார்ட்ஸ் முதலிய ஸ்படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டார்கள். மின்னழுத்தத்தைக் கொடுத்தால் ஸ்படிகம் சுருங்கி விரியவேண்டும் என்னும் மறுதலையை அடுத்த ஆண்டே லிப்மன் என்னும் இயற்பியலறிஞர் கணித வாயிலாக முன்னுரைக்க, அச்சகோதரர்களே அதைச் சோதனையால் மெய்ப்பித்தார்கள். பியர் கியூரியிடம் பயின்ற பால் லான்ஜ்வான், முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிவதற்காக, இரண்டு எஃகுத் தகடுகளுக்கிடையே குவார்ட்ஸ் துண்டுகளை வைத்துக் கடலுக்குள் கேளா ஒலியைச் செலுத்தினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் அவர்களும் நாகேந்திரநாத் அவர்களும் 1935ஆம் ஆண்டு முதல் பெங்களூரிலிருந்து வெளியிட்ட கட்டுரைகள், கேளா ஒலி பாயும் திரவத்தின் ஊடே சென்ற ஒளி பல கதிர்களாய்ப் பிரிவதன் காரணத்தை விளக்கியவை. கண்ணுக்குப் புலப்படாத ஒலிக்கற்றையை ஒளியால் அளந்தறிய விரும்புவோர் இன்றும் அவற்றையே ஆதாரமாகக் கொள்கிறார்கள் என்பதை இந்த அவையில் நினைவுகூர்வது பொருத்தமே. 1955இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவப் பேராசிரியர் அயன் டொனால்டு, அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, பக்கத்து ஊரான ரென்ஃப்ரூவிலிருந்த கொதிகலன் தொழிற்சாலைக்குப் போய், எஃகில் விரிசல் பார்க்கும் யந்திரத்தை அவற்றின்மேல் வைத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாட்டிறைச்சித் துண்டு பயன்பட்டது. 1958இல் அவரும் அவருடைய சகாக்களும் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியிட்ட கட்டுரையே மகப்பேற்று மருத்துவத்தில் இம்முறை வேரூன்றக் காரணமாயிற்று. அந்நாளில் ஒரே ஒரு ஸ்படிகம்; அதைத் தட்ட வால்வுகளால் ஆன ஒரே ஒரு சுற்று. அது ஒரு மேஜையை அடைத்துக்கொண்டாலும் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

இன்றோ ஒரு சாதாரண ப்ரோபில் 128 ஸ்படிகத் துணுக்குகள் வரிசையாய் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சற்றே முன்பின்னாகத் தட்டினால்தான் ஒலிக்கற்றை விரும்பிய ஆழத்தில், விரும்பிய திசையில் குவியும். ஆகவே 128 தனித்தனிச் செலுத்துச் சுற்றுகள் வேண்டும். அவற்றைத் தனித்தனி டிரான்சிஸ்டர்களால் கட்டினால் பெட்டியின் பருமனும் விலையும் கட்டுக்கடங்காமல் போகும் என்பதே சில்லுக்குள் புகவேண்டிய அவசியத்தை முதலில் உண்டாக்கியது. 1985இல் மிலான் நகரத்தை அடுத்து இயங்கிய எஸ்.ஜி.எஸ். நிறுவனத்தார், நுண்ணிய அளவுச் சுற்றுகளையும், கணக்கிடும் இலக்கச் சுற்றுகளையும், பெரிய மின்சாரத்தைத் தாங்கும் டிரான்சிஸ்டர்களையும் ஒரே சிலிக்கானில் செய்யும் ‘பி.சி.டி.’ முறையை நிறுவிக்காட்டினார்கள். அம்முறையின் வழித்தோன்றல்களே இன்றைய ஸ்கேன் சில்லுகள்.

இனி, இச்சுற்று எதை இயக்குகிறது என்று பார்ப்போம். ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்ஸைடுகளால் ஆன பீங்கான் துணுக்கு, மின்சுற்றின் கண்ணுக்கு முதன்மையாக ஒரு மின்தேக்கி. அதனோடு இணையாக, ஒலியாய் வெளியேறும் சக்தியைக் குறிக்கும் மெல்லிய கிளை ஒன்று உண்டு. துணுக்கின் தேக்குதிறன் 100 பிக்கோஃபாரட் என்று கொள்வோம். பெட்டியிலிருந்து ப்ரோபுக்கு வரும் 2 மீட்டர்க் கேபிள் தன் பங்காக 200 பிக்கோஃபாரட் சேர்க்கிறது. ஆக, நாம் இயக்கும் 300இல் 200 பங்கு ஒலிக்கே உதவாத கேபிள்! 5 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இந்த 300 பிக்கோஃபாரடை மைனஸ் 100 வோல்ட்டிலிருந்து பிளஸ் 100 வோல்ட்டுக்கு 20 நானோ செகண்டில் ஏற்றவேண்டுமானால், அந்தக் கண நேரத்துக்கு 3 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். சில்லையும் அதன் உறையையும் இணைக்கும் பொற்கம்பி 3 மில்லிமீட்டர் நீளம் என்றால் அதன் தூண்டுதிறன் ஏறக்குறைய 3 நானோஹென்றி. 3 ஆம்பியர் அதில் 5 நானோ செகண்டுக்குள் எழும்பினால் கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே 1.8 வோல்ட் வேறுபாடு தோன்றும். அதே சில்லின் மற்றொரு மூலையில் 3.3 வோல்ட்டில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் இலக்கச் சுற்றுக்கு, காலடித் தரையே 1.8 வோல்ட் துள்ளுவது என்ன விபரீதத்தை விளைவிக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. பெருமின்னோட்டம் திரும்பும் தரையையும் இலக்கச் சுற்றின் தரையையும் தனித்தனியே பிரித்து, ஒன்றுக்குப் பல பொற்கம்பிகளை இணையாகப் போடுவது இதனால்தான்.

இப்பொழுது உஷ்ணத்துக்கு வருகிறேன். இதில் சற்று நின்று பேச எனக்கு அனுமதி வேண்டும்.

மாறாத வோல்ட் தரும் ஒரு மூலத்திலிருந்து, ஒரு மின்தடையின் வழியே, ஒரு மின்தேக்கியை முழுதும் நிரப்பினால், மூலம் கொடுத்த சக்தியில் பாதி தேக்கியில் தங்க, மறு பாதி தடையில் உஷ்ணமாகிவிடுகிறது. தடை பெரிதானால் நிரம்ப நேரமாகும். சிறிதானால் விரைவில் நிரம்பும். இழப்பு மட்டும் இரண்டிலும் ஒன்றே. பெரிய டிரான்சிஸ்டரை வைத்துத் தடையைக் குறைத்துவிட்டால் சில்லு குளிர்ந்துவிடும் என்று எண்ணும் மாணவர்களை ஆண்டுதோறும் சந்திக்கிறேன், குளிராது. பெரிய டிரான்சிஸ்டருக்கு அதன் கேட்டைத் திறக்கவே அதிக சக்தி வேண்டுமாதலால், ஓர் எல்லைக்கு மேல் சூடு கூடவே செய்யும். நிரப்பியதைத் திரும்ப வடிக்கும்போது தேக்கியில் தங்கியிருந்த பாதியும் உஷ்ணமாகிறது. ஆகவே ஒரு முழு அலைக்கு இழப்பு, தேக்குதிறனை மொத்த வோல்ட் வீச்சின் வர்க்கத்தால் பெருக்கிவரும் தொகை. நம் உதாரணத்தில் 300 பிக்கோஃபாரட், 200 வோல்ட் வீச்சு. ஓர் அலைக்கு 12 மைக்ரோஜூல். ஒவ்வொரு துடிப்பிலும் 2 அலைகள், நொடிக்கு 5000 துடிப்புகள் என்றால் ஒரு சுற்றுக்கு 120 மில்லிவாட். 128 சுற்றுகளுக்கும் சேர்த்து 15 வாட்டுக்கு மேல். இரத்த ஓட்டத்தின் நிறச் சித்திரம் எடுக்க நீண்ட துடிப்புகளை அனுப்பினால் அது பன்மடங்காகும்.

சுவரோரம் நிற்கும் பெரிய யந்திரத்துக்குள் ஒரு விசிறி அந்த 15 வாட்டை வெளியேற்றிவிடும். ஆனால் டாக்டரின் சட்டைப் பைக்குள் அடங்கும் கருவியில், சுற்று முழுவதும் ப்ரோபின் கைப்பிடிக்குள்ளேயே இருக்கிறது, விசிறிக்கு இடமில்லை, உடம்பைத் தொடும் முகம் 43 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டக்கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. கேபிள் இல்லாமற்போவதால் தேக்குதிறன் 100 பிக்கோஃபாரடாகக் குறைந்து, இழப்பு 5 வாட்டுக்கு வருவது பெரிய லாபமே. ஆயினும் மூடிய கைப்பிடிக்குள் 5 வாட் என்பதும் அதிகம்.

இங்கேதான் படிப்படியாய் ஏற்றும் உபாயம் கைகொடுக்கிறது. உயரத்திலுள்ள ஒரே தொட்டியிலிருந்து கீழேயுள்ள பள்ளத்தை நிரப்பினால் தண்ணீர் வீழ்ந்து வீழ்ந்து தன் வேகத்தையெல்லாம் வீணாக்குகிறது; இடையிடையே வெவ்வேறு உயரங்களில் தொட்டிகள் அமைத்து, நீர்மட்டம் ஏற ஏற அடுத்த தொட்டியைத் திறந்தால் வீழ்ச்சி குறைகிறது. மைனஸ் நூறிலிருந்து பிளஸ் நூறுக்கு ஒரே தாவலாகப் போகாமல் நடுவே பூஜ்யத்தில் நின்று ஏறினால், இழப்பு பாதியாகிவிடும். பிளஸ் 50, மைனஸ் 50 என்ற இரண்டு படிகளையும் சேர்த்து ஐந்து நிலைகளாக்கினால் காற்பங்காகும். நாம் கணக்கிட்ட 5 வாட் முதலில் 2.6 வாட்டாகவும், பின்னர் 1.3 வாட்டாகவும் இறங்குவதைக் காண்கிறோம். ஐந்து நிலைகளால் அலை வடிவமும் சதுரத்தன்மை குறைந்து ஸைன் வடிவத்தை நெருங்குவது உபரி லாபம்.

இந்த லாபத்துக்கும் விலை உண்டு. இடைநிலை ஒவ்வொன்றும் மேலிருந்தும் கீழிருந்தும் அழுத்தத்தைத் தாங்கவேண்டியிருக்கிறது. சாதாரண மாஸ் டிரான்சிஸ்டருக்குள் பிறவியிலேயே ஒரு டயோடு அமைந்திருப்பதால், அது ஒரு திசையில்தான் தடுக்கும். மறு திசையில் தானாகவே திறந்துகொள்ளும். ஆதலால் இடைநிலைப் பாதையில் இரண்டு டிரான்சிஸ்டர்களை முதுகோடு முதுகாக வைக்கவேண்டும். இரண்டும் தொடரில் இருப்பதால், பழைய தடையே வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் இருமடங்கு அகலமாக இருத்தல் வேண்டும். ஆக, ஒன்று இருந்த இடத்தில் நான்கின் பரப்பு. சிலிக்கானின் பரப்பே விலை. மூன்று நிலைகள் எல்லாக் கருவிக்கும் இன்றியமையாதவை, ஐந்து நிலைகள் கையடக்கக் கருவிக்கு மட்டுமே நியாயமானவை என்பது என்னுடைய அபிப்பிராயம்.

அந்த டிரான்சிஸ்டர்தான் எப்படிப்பட்டது? சிலிக்கான், ஒரு மைக்ரோமீட்டர் தூரத்துக்கு ஏறத்தாழ 30 வோல்ட் வரையே தாங்கும். அதற்கு மேல் மின்புலம் அணுக்களைக் கிழித்து மின்துகள்களின் சரிவை உண்டாக்கிவிடும். ஆகையால் 100 வோல்ட்டைத் தாங்க, கேட்டுக்கும் டிரெயினுக்கும் இடையே பல மைக்ரோமீட்டர் நீளமான, மாசு குறைவாகக் கலந்த ஒரு நெடும்பாதை விடப்படுகிறது. பாதை நீண்டால் தடை கூடும். மாசைக் கூட்டித் தடையைக் குறைத்தால் தாங்குசக்தி குறையும். இச்சங்கடத்துக்கு 1979இல் ஹாலந்து தேசத்து பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆப்பெல்ஸ், வாஸ் என்ற இருவர் ஓர் அழகிய பரிகாரம் கண்டார்கள். பாதையை மெல்லிய படலமாக்கி, அடியிலுள்ள எதிர்வகைச் சிலிக்கானிலிருந்தும் அதன் மின்துகள்கள் காலியாகும்படி செய்தால், மேற்பரப்பின் ஒரே முனையில் குவிந்திருந்த மின்புலம் பாதை நெடுகப் பரவிச் சமனாகிறது; மாசைக் கூட்டியும் தாங்குசக்தியை இழக்காதிருக்க முடிகிறது. ஸ்கேன் சில்லு ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் பரப்பின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு, சீப்பின் பற்களைப் போல வரிவரியாய் நிற்பவை இந்த டிரான்சிஸ்டர்களே. அவ்வரிகளின் முனைகளெல்லாம் வட்டமாக வளைக்கப்பட்டிருக்கும். கூரிய மூலை இருந்தால் மின்புலம் அங்கே குவிந்து முதலில் முறிவது அதுவாகவே இருக்கும். வெளியீட்டைப் பிளஸ் நூறுக்கு ஏற்றும் மேற்பக்கத்து டிரான்சிஸ்டர் பி-வகையாயின், அதில் ஓடுபவை துளைகள். அவை எலெக்ட்ரான்களின் வேகத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கே உடையவை. எனவே மேற்பக்கத்து டிரான்சிஸ்டர் கீழ்ப்பக்கத்ததைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கவேண்டும்.

டிரெயின் 100 வோல்ட் தாங்கினாலும் கேட்டின் அடியிலுள்ள ஆக்ஸைடு சில நானோமீட்டர் கனமே உடையது, அது 3.3 அல்லது 5 வோல்ட்டுக்கு மேல் பொறுக்காது. மேற்பக்கத்து டிரான்சிஸ்டரின் மூலமுனை 100 வோல்ட்டில் இருக்கும்போது, அதன் கேட் 100க்கும் 95க்கும் இடையே மட்டுமே ஆடவேண்டும். கட்டளையோ தரைமட்டத்தில், பூஜ்யத்துக்கும் 3.3க்கும் இடையே பிறக்கிறது. அந்தக் கட்டளையை 95 வோல்ட் உயரத்துக்குத் தூக்கிக் கொடுக்கும் மட்டமாற்றிதான், என் மதிப்பில், இந்தச் சில்லு முழுவதிலும் மிகவும் நுட்பமான உறுப்பு. எளிய மட்டமாற்றியில் திறந்திருக்கும் காலமெல்லாம் ஒரு மின்னோட்டம் 100 வோல்ட்டிலிருந்து தரைக்கு வழிந்துகொண்டேயிருக்கும். ஒரு மில்லிஆம்பியர் என்றாலும் 100 மில்லிவாட், அதாவது ஒரு சுற்றில் நாம் முன்பு அரும்பாடுபட்டு மிச்சப்படுத்திய தொகைக்கு ஏறக்குறைய ஈடு. அதனால் கட்டளை மாறும் விளிம்பில் மட்டும் சில நானோ செகண்டுகளுக்கு மின்னோட்டத்தைப் பாய்ச்சி, மேலேயுள்ள ஒரு சிறு நினைவுச் சுற்றைப் புரட்டிவிட்டு, உடனே நிறுத்திவிடுகிறார்கள். வெளியீடு நானோ செகண்டுக்கு 10 வோல்ட் வேகத்தில் தாவும்போது, ஒட்டுண்ணித் தேக்கிகளின் வழியே பொய்க் கட்டளை கசிந்து அந்த நினைவைத் தலைகீழாக்கிவிடாமலும் காக்கவேண்டும். அது நேர்ந்தால் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒருங்கே திறந்து, பிளஸ் நூறும் மைனஸ் நூறும் நேருக்குநேர் இணைந்து, சில்லு அக்கணமே வெந்துபோகும்.

காலக் கணக்கில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. ஒலி திசுக்களின் ஊடே செல்லும்போது அதன் அலை வடிவம் தானாகவே சிறிது சிதைந்து இருமடங்கு அலைவெண்ணை உண்டாக்குகிறது. அந்த இரண்டாம் ஹார்மானிக்கை மட்டும் பொறுக்கி எடுத்தால் சித்திரம் தெளிவடையும் என்பதால் இக்காலக் கருவிகளெல்லாம் அதையே நாடுகின்றன. செலுத்தும் சுற்றே இருமடங்கு அலைவெண்ணைக் கலந்து அனுப்பிவிட்டால் எது திசுவினுடையது, எது நம்முடையது என்று பிரித்தறிய வழியேது? 5 மெகாஹெர்ட்ஸ் அலையின் காலம் 200 நானோ செகண்ட். அதன் மேற்பாதி 101, கீழ்ப்பாதி 99 என்று ஒரே ஒரு நானோ செகண்ட் பிசகினால், அடிப்படை அலையில் 64இல் ஒரு பங்கு, அதாவது மைனஸ் 36 டெசிபல் அளவுக்கு இரண்டாம் ஹார்மானிக் பிறந்துவிடுகிறது. மைனஸ் 40 டெசிபல் வேண்டுமென்றால் பிசகு 0.64 நானோ செகண்டைத் தாண்டலாகாது. வேகம் குறைந்த துளைகளால் ஏறுவதும், வேகம் மிகுந்த எலெக்ட்ரான்களால் இறங்குவதும் இவ்வளவு சமனாக இருக்கவேண்டும் என்பது சாமானிய நிபந்தனையன்று.

வாங்கும் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை போதும். 100 வோல்ட் சென்ற அதே கம்பியில், சற்றுப் பின்னர் 10 மைக்ரோவோல்ட் அளவான எதிரொலி திரும்பி வருகிறது. இரண்டுக்கும் விகிதம் கோடிக்கு ஒன்று. செலுத்தும்போது வாங்கும் பெருக்கியை மறைத்துக் காக்கவும், செலுத்தி முடிந்ததும் ஸ்படிகத்தின் மிச்ச நடுக்கத்தை அடக்கிப் பூஜ்யத்தில் நிறுத்தவும் தனித்தனிச் சுவிட்சுகள் அதே சில்லில் இருக்கின்றன.

ஆராய்ச்சி இப்போது எங்கே நிற்கிறது? 64 நிரை, 64 நிரல் என்று 4096 துணுக்குகளை அடுக்கி முப்பரிமாணச் சித்திரம் எடுக்க விரும்பினால், 4096 கேபிள்களைக் கையில் தாங்க இயலாது. சில்லு ஒவ்வொரு துணுக்கின் நேர் கீழே வந்து உட்காரவேண்டும். 1994ஆம் ஆண்டளவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான, பீங்கானுக்குப் பதில் மெல்லிய சவ்வை மின்விசையால் இழுத்து அதிரவைக்கும் நுண்தேக்கிகள் இதற்கு ஏற்றவை. அவற்றில் விசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலால், துடிப்புக்கு மேல் நிலையான ஒரு வோல்ட்டும் கொடுத்துவைக்கவேண்டும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 0.35 மைக்ரோமீட்டர் உயர்வோல்ட் முறையில், கையடக்கக் கருவிக்கென்றே இத்தகைய தேக்கிகளை இயக்கும் சுற்றுகளை வடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2018இல் சந்தைக்கு வந்த பட்டர்ஃபிளை கருவியில் சுமார் 9000 நுண்தேக்கிகள் ஒரே சில்லின்மேல் அமர்ந்திருக்கின்றன.

துணுக்கின் நேர் கீழே சில்லுக்குக் கிடைக்கும் இடம் எவ்வளவு? 5 மெகாஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் திசுவில் 0.31 மில்லிமீட்டர், துணுக்குகள் அதில் பாதி இடைவெளியில் நிற்கவேண்டும். ஆகவே செலுத்தும் சுற்று, மட்டமாற்றி, காக்கும் சுவிட்ச், பெருக்கி எல்லாம் பக்கத்துக்கு 0.15 மில்லிமீட்டரான சதுரத்தில் அடங்கவேண்டும். பிளஸ் மைனஸ் 100 வோல்ட்டுக்கு அங்கே இடம் காண்பது அரிது. 30 வோல்ட் வசதியாக அடங்கும். நூறிலிருந்து முப்பதுக்கு இறங்கினால் உஷ்ணம் பதினொன்றில் ஒரு பங்காகிறது. எதிரொலியோ 10 டெசிபல் மெலிகிறது. திசுவானது ஒரு சென்டிமீட்டருக்கு, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு அரை டெசிபல் ஒலியை விழுங்குவதாகக் கொண்டால், போக வர 5 டெசிபல் என்ற கணக்கில், நாம் இழப்பது 2 சென்டிமீட்டர் ஆழம்.

அந்த இழப்பை, துடிப்பைப் பதினொரு மடங்கு நீட்டி, அதற்குள் ஒரு குறியீட்டைப் பொதித்து, திரும்பியதைக் கணிப்பொறியால் சுருக்கி மீட்கலாம். அப்போது உஷ்ணம் பழையபடியே ஏறிவிடும். மிச்சமாவது சிலிக்கானின் பரப்பு மட்டுமே. 22 அலைகள் கொண்ட அத்துடிப்பு 4.4 மைக்ரோ செகண்ட் நீடிக்க, அதற்குள் திரும்பிவரும் முதல் 3.4 மில்லிமீட்டர் ஆழத்து எதிரொலி கேட்காமலேயே போய்விடும். தோலுக்குச் சற்றே கீழிருக்கும் தைராய்டு சுரப்பியைப் பார்க்கும் ப்ரோபுக்கு இது பொருந்தாது. அதற்குக் குறைந்த வோல்ட்டும் குறுகிய துடிப்புமே தகும், ஆழமும் அங்கே தேவையில்லை. கல்லீரலைப் பார்ப்பவருக்கோ அந்த 3.4 மில்லிமீட்டர் ஒரு பொருட்டன்று. 30 வோல்ட் சில்லையும் நீண்ட குறியீட்டையும் அவர் தைரியமாக ஏற்றுக்கொள்ளலாம்.